பாலமதி அடிவாரத்தில் ஒரு மண்பாதை: வனத்துறைக்குத் திறந்த மடல்

வேலூர் மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கும் வனச்சரக அலுவலர்களுக்கும் வணக்கம்.

ஓட்டேரியைத் தாண்டி, பாலமதி மலையடிவாரத்தில், மலைச் சைக்கிள் ஓட்டுவதற்கென்று ஒரு சிறிய சுற்றுப்பாதை வேண்டும். கேட்பது அவ்வளவுதான். தார் வேண்டாம், பேவர் பிளாக் வேண்டாம், அலங்கார வளைவு வேண்டாம், செல்ஃபி எடுக்க இதய வடிவ பொம்மையும் வேண்டாம். இரண்டு மூன்றடி அகலத்தில் மரங்களுக்கிடையே போகும் ஒற்றையடிப் பாதை போதும்.

ஞாயிறு விடிகாலையில் பாலமதி சாலையில் கியர் சைக்கிளில் மூச்சு வாங்க ஏறுகிறவர்களை உங்கள் ஊழியர்களும் பார்த்திருப்பார்கள். கல்லூரிப் பிள்ளைகள், கடை வைத்திருப்பவர்கள், நைட் டியூட்டி முடித்து நேரே வருகிறவர்கள் என்று எல்லாரும் உண்டு. அவர்களில் சிலருக்குத் தார்ச்சாலை போதாது. சாலையை விட்டு ஆட்டுத் தடத்திலும் விறகுப் பாதையிலும் இறங்கிவிடுகிறார்கள். அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம் என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்களுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. ஆனால் அபராதம் போட்டு அனுப்பினால் அடுத்த வாரம் வேறொரு பக்கம் இறங்குவார்கள். அப்போது காட்டில் ஒரு தடத்துக்குப் பதில் ஐந்து தடம் விழும்.

தடம் விழுவதில் என்ன கெடுதல் என்று கேட்டால், கெடுதல் சக்கரத்தில் அவ்வளவாக இல்லை, தடம் போகும் திசையில் இருக்கிறது. தன்னிச்சையாக ஓட்டுகிறவன் சரிவில் நேர்கீழாக இறங்குவான். மழைநீரும் அப்படித்தான் இறங்கும். இரண்டும் ஒரே கோட்டில் சேர்ந்தால் நம் ஐப்பசி மழை இரண்டு பெய்தாலே அது ஓடையாகிவிடும். மேல்மண் போய், வேர் தெரிந்து, கல் பெயர்ந்து நிற்கும். அதில் ஓட்ட முடியாது என்று பக்கத்தில் இன்னொரு தடம் போடுவார்கள். அமெரிக்காவில் மொண்டானாவில் 1994இல் வெளியான ஓர் ஆய்வில், குதிரைக் குளம்பும் மனிதக் காலும் சைக்கிள் சக்கரத்தைவிட அதிக மண்ணைப் பெயர்த்தன என்று கண்டார்கள். ஈரமான பாதையில் அந்த வித்தியாசம் இன்னும் கூடியது. அதை வைத்து சைக்கிளுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாதுதான். பிரேக்கை இறுக்கிச் சறுக்கிக்கொண்டு இறங்குபவன் மண்ணை வாரிக்கொண்டுதான் போவான். சறுக்க வேண்டிய தேவையே வராத மாதிரி பாதையை வகுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அதற்குப் பல நாடுகளில் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு. பாதை சரிவின் குறுக்கே வளைந்து போக வேண்டும். சராசரியாக நூறடிக்குப் பத்தடிக்கு மேல் ஏறக் கூடாது. மலைச்சரிவு எவ்வளவோ, அதில் பாதிக்கு மேல் பாதையின் ஏற்றம் இருக்கக் கூடாது. பள்ளத்துப் பக்க ஓரம் கொஞ்சம் தாழ்ந்திருந்தால் தண்ணீர் பாதையில் ஓடாமல் குறுக்கே வழிந்து போய்விடும். அப்புறம், சற்று தூரத்துக்கு ஒருமுறை பாதை லேசாக இறங்கி ஏற வேண்டும். தப்பித் தவறிப் பாதையோடு ஓடிவரும் தண்ணீரும் அந்த இறக்கத்தில் வெளியேறிவிடும்.

இது உங்களுக்குப் புதிதல்ல. சரிவில் சமமட்டக் குழி வெட்டுவதும் ஓடையில் தடுப்பணை கட்டுவதும் வனத்துறைக்குப் பழகிய வேலை. நம் மாவட்டத்திலேயே நாகநதிப் பகுதியில் நூறுநாள் வேலைப் பெண்கள் மழைநீரை நிலத்தடிக்கு இறக்கும் மீள்நிரப்புக் கிணறுகளை அமைத்து, வறண்டு கிடந்த ஆற்றுக்கு நீரைத் திருப்பினார்கள். தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே அரிக்கும் என்று பார்க்கத் தெரிந்த கைகள் அவை. இந்தப் பாதையையும் அவர்கள் மண்வெட்டியால் வெட்டட்டும். தயவுசெய்து ஜேசிபியை மட்டும் உள்ளே விடாதீர்கள். அது ஒரு நாளில் வெட்டிப் போடுவதைக் காடு ஆற்றிக்கொள்ளப் பல வருடங்கள் ஆகும்.

அமிர்தி வன உயிரியல் பூங்காவில் போடலாமே என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கூண்டில் இருக்கும் பிராணிகளையும் அருவிக்கு நடந்து போகும் குடும்பங்களையும் சைக்கிளோடு கலக்கக் கூடாது.

நடப்பவர்களோடு தகராறு வரும் என்ற உங்கள் கவலை நியாயமானது. இந்த விளையாட்டு 1970களில் வளர்ந்த கலிபோர்னியாவின் டமால்பைஸ் மலைப் பகுதியிலேயே அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அங்கே சைக்கிளுக்கு மணிக்கு 24 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், எதிரே வருபவர் தெரியாத திருப்பங்களில் 8. அந்த அளவையே இங்கும் வைக்கலாம். விறகுக் கட்டோடு வரும் அம்மாவுக்கும், ஆடு ஓட்டி வரும் பெரியவருக்கும், பாலமதி முருகனைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் சைக்கிள்காரன்தான் இறங்கி வழிவிட வேண்டும். ஹெல்மெட்டும் மணியும் இல்லாதவனுக்கு அனுமதி கிடையாது. கரடியும் காட்டுப்பன்றியும் நடமாடும் நேரத்தில், அதாவது பொழுது சாய்ந்தபின், பாதையை மூடிவிட வேண்டும். மழை பெய்து மண் காயும்வரையும் அப்படித்தான். முள்ளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், நெருஞ்சியும் கருவேலும் எங்கள் பாடு. டியூப்லெஸ் டயரும் பஞ்சர் ஒட்டத் தெரிந்த கையும் இல்லாமல் வேலூரில் யாரும் காட்டுப் பக்கம் சைக்கிளைத் திருப்புவதில்லை.

தீக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தபின் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் கொண்டுவந்தது. காட்டைப் பூட்டிவிடாமல், 2024இல் 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவோடும் வழிகாட்டிகளோடும் திறந்தும் விட்டது. நடப்பவர்களுக்குச் செய்ததைச் சக்கரத்துக்கும் செய்யுங்கள் என்கிறேன். பதிவுக் கட்டணத்தை வாங்குங்கள், உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் போடுங்கள், கோடையில் மூடுங்கள். மூடியிருக்கும்போது தாண்டி வருகிறவனுக்கு அபராதத்தை இரட்டிப்பாக்கினாலும் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

நிதி ஒதுக்கீட்டுக்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு வனவரை அனுப்புங்கள். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் ஒருவரையும் கூப்பிட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு மூன்று பேர் கூட நடக்கிறோம். பாதை போகவேண்டிய இடத்தில் மரத்துக்கு மரம் துணி கட்டிவிட்டு, ஒரு மழைக்காலம் சும்மா விடுவோம். தண்ணீர் எங்கெல்லாம் வந்தது என்று தை மாதம் போய்ப் பார்த்து, துணியை மாற்றிக் கட்டியபின் வெட்டத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
வேலூர் சைக்கிள்காரன் ஒருவன்