வாசிப்பு வட்டத்தின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2023 முதல் மார்ச் 2024 வரை

மதிப்பிற்குரிய தலைவர் அண்ணாச்சி அவர்களே, நிறைவேற்றுக் குழுவினரே, உறுப்பினர்களே, அவர்களோடு வந்திருக்கும் வீட்டாரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு நான் அறிக்கை வாசித்து முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது என்ற புகார் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது. ஆகவே இம்முறை தேநீரை அறிக்கைக்குப் பிறகு கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஐந்து பேர் கூடி வேதாகமத்துக்கு வெளியே உள்ள பக்தி நூல்களையும் சேர்ந்து வாசிக்கலாம் என்று தொடங்கிய வட்டம் இது. இப்போது 23 உறுப்பினர்கள் இருக்கிறோம். மாதந்தோறும் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை மாலையில் கூடுகிறோம். இந்த ஆண்டு 24 கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், நடந்தவை 22. ஒன்று மே மாதத்தில் கூட்ட வீட்டிலேயே கல்யாணம் வந்ததால் நின்றது. மற்றொன்று டிசம்பரில் நின்றது. அதன் காரணம் எல்லோருக்கும் தெரியும், பின்னால் வருகிறேன்.

ஏப்ரல் முதல் ஜூலை வரை, ஆங்கிலப் போதகர் ஜான் பனியன் எழுதிய உருவகக் கதையான மோட்சப் பிரயாணத்தை உரைநடையில் வாசித்தோம். நம்மில் பாதிப்பேர் வீட்டில் இந்த நூல் இருந்திருக்கிறது. அட்டை கிழிந்து, தாத்தாவின் கையெழுத்தோடு, பீரோவின் மேல்தட்டில். படித்தவர்கள் எத்தனை பேர் என்று முதல் கூட்டத்தில் கேட்டபோது மூன்று கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று பாதியில் இறங்கிவிட்டது.

ஜூன் மாதத்தின் முதல் கூட்டத்தை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. கதையின் தொடக்கத்தில், முதுகில் பாரத்தோடு நிற்கும் மனிதன் அழிவின் நகரத்தை விட்டு ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் திரும்பி வரும்படி கூப்பிடுகிறார்கள். அவனோ இரு காதிலும் விரலை வைத்துக்கொண்டு ஜீவன், ஜீவன் என்று கத்தியபடி ஓடுகிறான். இதை வாசித்து முடித்ததும் நம் பொருளாளர் மதினி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பாரத்தைச் சுமந்தது அவர், சரி. பிள்ளைகளைச் சுமந்தது யார்?" என்று கேட்டார். அன்று அதற்கு மேல் ஒரு பக்கம்கூட நகரவில்லை. இது உருவகம், அப்படிப் பார்க்கக் கூடாது என்றார் ஒருவர். உருவகத்திலும் அரிசி வாங்க வேண்டுமே என்றார் இன்னொருவர். இரவு எட்டரை மணிக்கு வெளியே நின்று செருப்பு மாட்டும்போதும் பேச்சு ஓயவில்லை. என் கணக்கில் இந்த ஆண்டின் மிகச் சிறந்த கூட்டம் அதுதான்.

அந்தக் கேள்விக்கு நூலே பின்னால் பதில் தேடியிருக்கிறது என்பதை அடுத்த கூட்டத்தில் கண்டுகொண்டோம். முதல் பாகம் 1678இல் வெளிவந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1684இல், பனியன் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். அதில் விட்டுவந்த மனைவியும் நான்கு மகன்களும் அதே வழியில் புறப்படுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் கூடவே வருகிறாள். முதல் பாகத்திலேயே, வழியில் உள்ள ஒரு மாளிகையில் அன்பின் உருவமாக வரும் பெண் பயணியை உட்காரவைத்துக் கேட்கிறாள்: வீட்டாரை ஏன் அழைத்துவரவில்லை? நீ வாயால் சொன்னதை உன் நடத்தையால் நீயே கெடுத்துவிட்டாயா? இந்த இரண்டாவது கேள்வியை வாசித்தபோது அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அதற்குக் காரணம் இருந்தது. அது நம் சென்ற ஆண்டுத் தீர்மானம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஒவ்வொரு உறுப்பினரும் வட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு உறவினருக்கோ நண்பருக்கோ மோட்சப் பிரயாணத்தின் ஒரு பிரதியைக் கொடுப்பது என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். 30 பிரதிகள் வாங்கினோம். தீர்மானத்தை முன்மொழிந்தவன் நான் என்பதால் அதன் முடிவையும் நானே சொல்ல வேண்டும். ஜூலை மாதம் ஒவ்வொருவரையும் விசாரித்தேன். கொடுக்கப்பட்டவை 26. அவற்றில் முழுதும் படிக்கப்பட்டவை என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டு. பெரும்பாலானவை கண்ணாடி அலமாரிகளில் கோப்பைகளுக்கும் கல்யாணப் படங்களுக்கும் நடுவில் நிற்கின்றன. ஒரு பிரதி, முதல் பக்கத்தில் நாம் எழுதிய வாழ்த்தோடு, வேறொரு வீட்டுப் புதுமனை புகுவிழாவில் அன்பளிப்பாக நம் உறுப்பினர் ஒருவருக்கே திரும்பி வந்துவிட்டது.

சென்னையில் இருக்கும் என் தம்பிக்கு நான் கொடுத்த பிரதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு, "அண்ணே, இதை நீ எனக்குத் தருவது நான் படிக்கவா, திருந்தவா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய் சொல்லியிருப்பேன். புத்தகத்தைக் கொடுக்கும்போது நம்மில் பலர் உள்ளூர ஒரு மருந்துச் சீட்டைத்தான் கொடுத்திருக்கிறோம் என்பது என் முடிவு. வாங்கியவர்களுக்கு அது தெரிந்துவிட்டது.

படிக்கப்பட்ட இரண்டு பிரதிகளின் கதை வேறு. ஒன்று துபாயில் வேலை பார்க்கும் மகளுக்கு நம் உறுப்பினர் அக்கா அனுப்பியது. உண்மையில் புத்தகத்தை அனுப்பவே இல்லை. தினமும் இரவு சமையலறையை ஒதுக்கிவிட்டு இரண்டு பக்கங்களை உரக்க வாசித்து, குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இடையில் குக்கர் விசில் கேட்கும், தெருவில் நாய் குரைக்கும், சில இடங்களில் அக்காவே வாசிப்பதை நிறுத்திவிட்டு மருமகனுக்குச் சளி விட்டதா என்று விசாரிப்பார். மகள் பஸ்ஸில் போகும்போது கேட்டிருக்கிறாள். பயணியின் வழியில் சிங்கங்கள் நிற்கும் இடம் வந்த பிறகு ஒருநாள் பதிவு வரவில்லை என்றதும் அங்கிருந்து போன் வந்ததாம்: "சிங்கங்கள் என்ன செய்தன?" மற்றொன்று, கண்பார்வை குறைந்த தன் மாமனாருக்கு மருமகள் மதிய வேளையில் வாசித்துக்காட்டியது. இரண்டிலும் புத்தகம் கைமாறவே இல்லை. இதைக் குழு கவனத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் முதல் இரட்சணிய யாத்திரிகத்தை எடுத்தோம். பனியனின் கதையைத் தழுவி எச்.ஏ. கிருட்டிணபிள்ளை விருத்தத்தில் பாடிய காப்பியம். அவர் நம் மாவட்டத்துக் கரையிருப்பில் 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். ஐந்து பருவங்கள், 3,766 பாடல்கள். முதலில் நற்போதகம் என்ற மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலானது.

இதைத் தொடங்கும்போது பலருக்கும் தயக்கம். முதல் கூட்டத்தில் 4 பாடல்களைத் தாண்டவில்லை. சந்தி பிரிக்கவே நேரம் போய்விட்டது. அப்போதுதான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவை அழைக்கலாம் என்று தலைவர் சொன்னார். ஐயா வைணவர், நெற்றியில் திருமண் இல்லாமல் வெளியே வராதவர். வருவாரா என்று யோசித்தோம். அவர் வந்ததோடு, கம்பராமாயணத்தையும் கையோடு கொண்டுவந்தார். ஒரு பாட்டைப் பாடிவிட்டு, அதே ஓசையில் கம்பனின் பாட்டு ஒன்றைப் பாடினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது யாருடையது என்று எனக்குப் பிடிபடவில்லை. "பிள்ளை கோயில்தான் மாறினார், யாப்பு மாறவில்லை" என்று சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அவர்தான் பாட, நாம் பின்னால் சொல்கிறோம். நூலைக் கிறிஸ்தவக் காப்பியம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நமக்கு, அதைத் தமிழ்க் காப்பியமாகக் கேட்கக் கற்றுத்தந்தவர் அவர்.

எதிர்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். தமிழ்ப் பாடநூலில் இந்தக் காப்பியத்திலிருந்து ஒரு பகுதி இருக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்த அந்தப் பாடல்களை அக்டோபர் கூட்டத்தில் சொல்லிக்காட்டினாள். மதிப்பெண் வேகத்தில் சொன்னாள் என்பது உண்மைதான். ஐயா அவளை நிறுத்தி, இயேசு கட்டப்பட்டு நிற்கும் இடத்தை மெல்லச் சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை சொல்லும்போது அவளே ஒரு வரியில் நின்றுவிட்டாள்.

15 கூட்டங்களில் 241 பாடல்கள் முடிந்திருக்கின்றன. மீதி 3,525. கூட்டத்துக்கு 16 என்று போனால் இன்னும் ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். துணைச் செயலாளர் இதைக் கணக்கிட்டுப் பெருமூச்சு விட்டார். கவிராயர் 13 ஆண்டுகள் தொடராக எழுதியதை நாம் 10 ஆண்டுகளில் முடித்தால் அவசரப்பட்டுவிட்டோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி டிசம்பர். 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணி கரை மீறியபோது கைலாசபுரத்தில் நம் உறுப்பினர் வீடு ஒன்றும் வண்ணார்பேட்டையில் ஒன்றும் தண்ணீருக்குள் போயின. நம் நூல்கள் இருந்த மர அலமாரி கைலாசபுரத்து வீட்டின் தரைத்தளத்தில் இருந்தது. அதைக் கீழ்த்தளத்திலிருந்து மேலே மாற்ற வேண்டும் என்று செப்டம்பர் குழுக்கூட்டத்தில் முடிவெடுத்து, செய்யாமல் விட்டவன் செயலாளர். 41 நூல்கள் நனைந்தன. பக்கங்களுக்கு நடுவே தாள் வைத்து, மொட்டை மாடியில் கொடி கட்டிக் காயப்போட்டு, 27ஐ மீட்டோம். அவை இப்போது அப்பளம்போல் இருக்கின்றன, ஆனால் வாசிக்கலாம். மற்றவை கூழாகிவிட்டன; தாத்தாவின் கையெழுத்து இருந்த மோட்சப் பிரயாணமும் அதில் ஒன்று.

அந்த வீட்டு ஆச்சிக்கு எண்பதுக்கு மேல் வயது. மாடியில் மின்சாரம் இல்லாமல் பேரப்பிள்ளைகளோடு இருந்த இரண்டு இரவுகளில், சிறுமியாக இருந்தபோது கற்ற வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகளை ஒவ்வொன்றாகப் பாடினாராம். பேரன்களுக்குப் பாட்டியிடம் இத்தனை பாட்டு இருப்பதே அன்றுதான் தெரியும். 23ஆம் தேதி கூட்டம் நடக்கவில்லை. அன்று நாங்கள் ஒன்பது பேர் மண்வெட்டியும் துடைப்பமுமாக அந்த வீட்டில்தான் இருந்தோம். ஆச்சி நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். சேறு அள்ளுவதில் தலைவர் அண்ணாச்சியின் திறமை போதாது என்பது அவருடைய கருத்து. இதையும் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார், எழுதியிருக்கிறேன்.

புகார்களுக்கு வருகிறேன். விளக்கம் நீள்கிறது என்பதே பலரின் குறை. ஒரு பாட்டை வாசித்துவிட்டு அரைமணி நேரம் பிரசங்கம் செய்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே தலையைக் குனிந்துகொண்டிருக்கிறார்கள். ஜனவரி முதல் ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று விதி வந்தது. அடுப்படி மணல்கடிகாரம் ஒன்றை மதினி கொண்டுவந்தார். அதற்குப் பிறகு வருகை கூடியிருக்கிறது, சராசரியாகக் கூட்டத்துக்கு நான்கு பேர் கூடுதலாக வருகிறார்கள்.

பிப்ரவரியில் ஒரு வாக்குவாதம் நடந்தது. மேலப்பாளையத்திலிருந்து நம் உறுப்பினர் ஒருவரின் நண்பர் இரண்டு கூட்டங்களுக்கு வந்தார். மூன்றாவது முறை, நபிகள் நாயகத்தின் வரலாற்றைப் பாடும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலிருந்து ஒரு படலத்தை ஒரு மாலை வாசிக்கலாமா என்று கேட்டார். குழுவில் இருவர் இது நம் வட்டத்தின் நோக்கத்துக்கு வெளியே என்றார்கள். அவர்கள் அச்சத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் வைணவ ஐயா நம் காப்பியத்தை நமக்குப் பாடித்தரும்போது, பக்கத்து ஊர்க்காரர் தன் காப்பியத்தை நமக்கு வாசித்துக்காட்டக் கூடாது என்று சொல்ல என் நாக்கு வரவில்லை. வாக்கெடுப்பில் 5க்கு 2 என்று ஒப்புதல் கிடைத்தது. ஜூன் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை அவர் வாசிப்பார். அந்த நூலில் 5,027 பாடல்கள் என்று கேட்டதும் துணைச் செயலாளர் மறுபடியும் பெருமூச்சு விட்டார். ஒரே ஒரு படலம்தான் என்று அவருக்கு உறுதி அளித்திருக்கிறோம்.

வரவு செலவு: முன் இருப்பு ரூ. 2,140. சந்தா ரூ. 12,900. நன்கொடை ரூ. 3,000. ஆக வரவு ரூ. 18,040. செலவில் 30 பிரதிகளுக்கு ரூ. 3,600, தேநீர் வடைக்கு ரூ. 5,500, நகல் எடுக்க ரூ. 1,860, வெள்ளத்தில் பாதிக்கப்பட்ட இரண்டு வீடுகளுக்கு ரூ. 4,000, பழைய இரும்பு அலமாரிக்கு ரூ. 2,200, ஆக ரூ. 17,160. கையிருப்பு ரூ. 880. சந்தா பாக்கி ரூ. 900 வரவேண்டியிருக்கிறது. இரும்பு அலமாரி முதல் மாடியில் வைக்கப்பட்டிருக்கிறது. வைத்த அன்றே படம் எடுத்துத் தலைவருக்கு அனுப்பிவிட்டேன்.

கரையிருப்புக்குக் குடும்பத்தோடு போய்வரும் திட்டம் ஐப்பசி மழையால் தள்ளிப்போய், பிறகு வெள்ளத்தால் நின்றுபோயிற்று. ஆடிக்குள் போகலாம் என்று குழு எண்ணுகிறது. வேன் வாடகையைக் கையிருப்பு தாங்காது; தலைக்கு ஒரு தொகை போட வேண்டியிருக்கும்.

வரும் ஆண்டுக்கு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். யாருக்கும் நூலை இலவசமாகக் கொடுப்பதில்லை. அதற்குப் பதில், ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஒருவருக்கோ, பக்கத்து வீட்டில் ஒருவருக்கோ, வாரம் ஒரு நாள் பத்து நிமிடம் உரக்க வாசிப்பது. அவர்கள் போதும் என்றால் நிறுத்திக்கொள்வது. ஏன் போதும் என்றார்கள் என்று கேட்காமல் இருப்பது. தம்பி சித்திரை விடுமுறைக்கு ஊருக்கு வருகிறான். அவனிடம் இந்த முறை புத்தகத்தைக் காட்டப்போவதில்லை; அவன் பிள்ளைகளுக்குச் சிங்கங்களின் கதையை மட்டும் வாசிக்கலாம் என்றிருக்கிறேன். அவன் பக்கத்து அறையில் இருந்தால் இருக்கட்டும்.

மீதமுள்ள நான்கு பிரதிகள் மேசையில் உள்ளன. விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். வெள்ளத்துக்கு முன் இரவல் வாங்கப்பட்ட இரண்டு நூல்கள் இன்னும் திரும்பவில்லை. வைத்திருப்பவர்கள் அடுத்த சனிக்கிழமைக்குள் கொடுத்துவிடவும். எழுத்து பெரிதாக உள்ள நகல்கள் வேண்டும் என்று ஆச்சி கேட்டிருக்கிறார்; அவை அன்று தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்