கம்பளியின் பூர்விகத்தை மறைப்பானேன்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூர் பனியன் வெட்டுத்துணிகள் மீண்டும் நூலாவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் கம்பளியைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததால் இதை எழுதுகிறேன்.

சென்ற மார்கழியில் ஒரு கடையில் சாம்பல் நிறப் போர்வை ஒன்று வாங்கினேன். 'சுத்தக் கம்பளி' என்று சீட்டு ஒட்டியிருந்தது. வெயிலில் உலர்த்தியபோது பார்த்தால், சாம்பல் இழைகளுக்கு நடுவே சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகப் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள். நாலைந்து இழைகளை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். மயிர் கருகும் நாற்றத்துடன் சில இழைகள் எரிந்து, விரலால் நசுக்கியதும் சாம்பலாக உதிர்ந்தன. மற்றவை உருகிக் கடுகுபோல் கெட்டியாகிவிட்டன. முன்னவை கம்பளி, பின்னவை செயற்கை இழை. போர்வையின்மீது எனக்குக் குறையில்லை, தை மாதப் பனியையும் அது நன்றாகவே தாங்கியது. குறையெல்லாம் அந்தச் சீட்டின்மீதுதான்.

பழைய கம்பளியாடைகளைப் பீறி நூற்று நெய்யும் இத்தகைய போர்வைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் ஹரியானாவின் பானிபட். மேலை நாடுகளில் கழித்துவிட்ட ஸ்வெட்டர்களும் கோட்டுகளும், ஆடையாக மறுபடி விற்கப்படாதிருக்கும் பொருட்டுக் கிழிக்கப்பட்ட நிலையில், பொதி பொதியாகக் கப்பலேறி அங்கே வந்து சேர்கின்றன. பெண்கள் தரையில் அமர்ந்து பொத்தான், ஜிப், உள்துணி ஆகியவற்றை அறுத்தெடுத்து, கறுப்பு, சிவப்பு, நீலம் என்று நிறவாரியாகக் குவிக்கிறார்கள். பல் வைத்த உருளைகள் அவற்றைப் பீறிப் பஞ்சாக்குகின்றன. நிறம் முன்பே பிரிக்கப்பட்டிருப்பதால் பெரும்பாலும் சாயம் போடத் தேவையில்லை. சாயக்கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாட்டை அறிந்த நமக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பீறும்போது இழை குட்டையாகிவிடுவதால், நூலுக்கு வலுவூட்டப் புதுக் கம்பளியையோ செயற்கை இழையையோ கலப்பதே வழக்கம். என் போர்வையில் உருகிய இழை இதற்காகச் சேர்த்ததாக இருக்கலாம். அதில் மோசடி ஏதுமில்லை, கலந்ததைச் சொல்லாமல் விடுவதுதான் மோசடி.

இந்தத் தொழிலின் பெயர் கெட்ட கதையும் இதுவே. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் உள்ள பேட்லி என்ற ஊரில், 1813-ஆம் ஆண்டுவாக்கில் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைப் பீறிப் புதுக் கம்பளியுடன் கலந்து நூற்கும் முறையைத் தொடங்கினார். அந்தத் துணிக்கு 'ஷாடி' என்று பெயர். (அந்த ஆலைகளின் கழிவைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை, தழைச்சத்து மிகுந்தது என்று பக்கத்து வயல்களுக்கு உரமாக இட்டார்கள்.) 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில், மட்டமான ஷாடியில் தைத்த சீருடைகளை நல்ல துணி என்று படைவீரர்களின் தலையில் கட்டினார்கள். அவை சீக்கிரமே நைந்து போக, 'ஷாடி' என்ற சொல்லே ஆங்கிலத்தில் மட்டரகத்தைக் குறிக்கும் வசையாயிற்று. அமெரிக்காவில் 1940-இல் இயற்றிய கம்பளிப் பொருள் சட்டம், பயன்படுத்திய கம்பளியைப் புதுக் கம்பளியிலிருந்து பிரித்துச் சீட்டில் காட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

இத்தாலியின் பிராட்டோ நகரத்தாரோ இதை மறைப்பதே இல்லை. குறைந்தது 65 சதவீதம் மறுசுழற்சி இழை இருக்கும் துணிக்கென்று தனி முத்திரையே வைத்துக்கொண்டு, அதையே பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். பானிபட் போர்வையோ, தன் பூர்விகத்தைச் சொல்ல வெட்கப்படுகிறது, பளபளக்கும் பாலியஸ்டர் போர்வையிடம் சந்தையையும் இழந்துவருகிறது. பழைய கோட்டிலிருந்து வந்த போர்வை என்று தெரிந்தால் வாங்கமாட்டார்கள் என வியாபாரிகள் அஞ்சுகிறார்கள் போலும். என்னிடம் சொல்லியிருந்தால், நான் இன்னும் இரண்டு வாங்கியிருப்பேன்.

ஆகவே, புதுக் கம்பளி, பழைய கம்பளி, செயற்கை இழை ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் என்பதை ஒவ்வொரு போர்வையிலும் சால்வையிலும், வாங்குபவர் படிக்கும் மொழியில், துணியோடு தைத்த சீட்டில் அச்சிட வேண்டும் என்று மத்திய ஜவுளி அமைச்சகத்தைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒட்டுச்சீட்டு வேண்டாம், என் போர்வையில் இருந்தது முதல் சலவையிலேயே போய்விட்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோத்தகிரி.