நரசிங்கம் குடைவரைக் கையேட்டுக்குத் துணைநின்றோர்க்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியீர், வணக்கம்.

மதுரையை அடுத்த ஒத்தக்கடை யானைமலை அடிவாரத்தில் உள்ள நரசிங்கம் யோக நரசிங்கப் பெருமாள் கோயிலின் வரலாறு, கட்டுமானம் பற்றி எங்கள் வாசகர் வட்டம் வெளியிட்ட சிறு கையேடு பலரது உழைப்பால் உருவானது என்பதைப் பொதுவில் பதிவு செய்யவே இம்மடலை எழுதுகிறோம்.

கல்வெட்டை எங்களுக்கு வாசிக்கப் பழக்கிய ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு முதல் நன்றி. எழுத்தின் மேல் மாவோ சாக்பீஸ் பொடியோ தடவக் கூடாது என்று தொடக்கத்திலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, டார்ச்சைப் பாறையோடு சாய்த்துப் பிடிக்கச் சொன்னார். நேர் வெளிச்சத்தில் வெறும் கீறல்களாகத் தெரிந்தவை, பக்கவாட்டில் நிழல் விழுந்ததும் பழந்தமிழ் எழுத்து வகையான வட்டெழுத்துகளாகத் துலங்கின. பாண்டிய மன்னன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சரான களக்குடி மாறன் காரி இக்கற்றளியைக் குடைவித்து, நீர்த்தெளிக்கும் (குடமுழுக்கு செய்யும்) முன்பே மறைந்துவிட, அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுப்பித்து நீர்த்தெளித்தார் என்பது அதன் செய்தி. அண்ணன் விட்டுச்சென்ற பணியைத் தம்பி முடித்துவைத்த கதையை அந்தப் பாறையிலேயே படிப்பது தனி நிறைவு. உடனுள்ள கிரந்தக் கல்வெட்டு கலியாண்டு 3871 என்று குறிப்பதால் காலம் கி.பி. 770 எனத் தெரிகிறது. பாண்டியர் குடைவரைகளில் இவ்வளவு திட்டமாக ஆண்டு கிடைப்பது அரிது. அவ்வரசர்களின் காலவரிசையை நிறுவ ஆய்வாளர்களுக்கு உதவும் முக்கியச் சான்றுகளுள் இதுவும் ஒன்று.

உச்சிக்காலப் பூசைக்குப் பின் இளைப்பாற வேண்டிய நேரத்தை எங்களுக்காக விட்டுக்கொடுத்த பட்டர் சுவாமிக்கும், அளவெடுத்து வரைபடம் தந்த கட்டடக்கலை மாணவ மாணவியர்க்கும் கடமைப்பட்டுள்ளோம். மலையைக் குடைந்த பகுதிக்குக் காவி நிறமும், பிற்காலத்தில் முன்னே கட்டிச் சேர்த்த மண்டபங்களுக்குச் சாம்பல் நிறமும் கொடுத்து மாணவர்கள் வரைந்த படம்தான், எங்கள் கணிப்பில், கையேட்டின் மிகச் சிறந்த பக்கம். மூலவரும் தனியே செய்து நிறுவப்பட்டவர் அல்லர், அதே மலைப்பாறையில் செதுக்கப்பட்டவர் என்பதை அப்படம் பார்த்த மாத்திரத்தில் உணர்த்திவிடுகிறது.

சில ஆண்டுகளே பிந்திய திருப்பரங்குன்றக் கல்வெட்டில் வரும் சாத்தன் கணபதியும் மாறன் காரியைப் போலவே களக்குடி மருத்துவக் குடியினர் என்பதை நினைவூட்டி ஒரு பக்கத்தைச் சேர்க்கவைத்த நண்பருக்கும், கிரந்த எழுத்துகள் உடைந்து வந்தபோதெல்லாம் முகம் சுளிக்காமல் திருத்தித் தந்த அச்சகத்தாருக்கும் நன்றி.

அடுத்த பதிப்பில், இதே மலையில் முருகனும் தெய்வயானையும் அமர்ந்திருக்கும் லாடன் கோயிலையும் சமணச் சிற்பங்களையும் விரிவாகச் சேர்க்க எண்ணியுள்ளோம். அவற்றின் பழைய புகைப்படங்கள் வைத்திருக்கும் நரசிங்கம், ஒத்தக்கடை அன்பர்கள் படியெடுத்துக்கொள்ளத் தந்துதவ வேண்டுகிறோம். படங்கள் பத்திரமாகத் திருப்பித் தரப்படும்.

என்றும் நன்றியுடன்,
வாசகர் வட்டத்தார், மதுரை