‘சிபில் பார்க்க மாட்டோம்’ என்பவர்கள் வட்டியையும் சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பர் வந்ததும் நான் முதலில் திருப்புவது வரி விளம்பரப் பக்கத்தைத்தான். 14 வருடமாகத் திருச்சியில் ஆக்டிங் டிரைவராக ஓடுகிறேன், எங்காவது நிரந்தர டிரைவர் கேட்டிருக்கிறார்களா என்று பார்க்கிற பழக்கம். இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் டிரைவர் தேவையை விட ‘சிபில் பிரச்சினையா? கவலை வேண்டாம், ஒரே நாளில் கார் லோன்’ என்பதுதான் அதிகம் கண்ணில் படுகிறது. (சிபில் என்பது நாம் கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று பார்த்து மதிப்பெண் போடுகிற நிறுவனம்.) போன வாரம் ஒரே பத்தியில் ஐந்து எண்ணினேன். ஐந்திலும் போன் நம்பர் இருக்கிறது, ஒன்றில்கூட வட்டி எவ்வளவு என்று இல்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் காரை ஓட்டியது போதும், சொந்தமாக ஒன்று வாங்கி மஞ்சள் போர்டு போட்டு ஓட்டுவோம் என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் முடிவு செய்தேன். கணக்கு வைத்திருக்கிற வங்கிக்கே போனேன். பான் கார்டு நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு ‘உங்களுக்கு ஸ்கோர் மைனஸ் ஒன்று காட்டுது, சிஸ்டம் எடுக்காது’ என்றார்கள். நான் யாரிடமும் கடன் பாக்கி வைத்ததில்லையே என்றேன். அதுதான் பிரச்சினையாம். கடனே வாங்காததால் கட்டுவேனா மாட்டேனா என்று அவர்களுக்குத் தெரியாதாம். பத்து வருடம் ஒரு மாதம் தவறாமல் சீட்டு கட்டியிருக்கிறேன், வீட்டு வாடகை 5-ம் தேதி தாண்டியதில்லை, ஒரு காலத்தில் தண்டல்காரருக்குத் தினமும் கட்டி முடித்திருக்கிறேன். இதெல்லாம் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறவில்லை.

சிபில் ஸ்கோர் என்பது 300 முதல் 900 வரை. மைனஸ் ஒன்று என்றால் கெட்ட ஸ்கோர் இல்லை, கடன் வரலாறே இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். இது எனக்கே பின்னால்தான் தெரிந்தது. வரலாறு இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரி வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது, குறைந்தபட்ச ஸ்கோர் என்று எதையும் ரிசர்வ் வங்கி வைக்கவில்லை என்று அதே வருடம் ஆகஸ்டில் நாடாளுமன்றத்திலும் மத்திய அரசு பதில் கொடுத்தது. நான் போனது அதற்கு முன்னால். இப்போது போகிறவர்களாவது இதைச் சொல்லிக் கேளுங்கள். உடனே கொடுத்துவிடுவார்கள் என்று நான் சொல்ல வரவில்லை, வருமானம் மற்றதெல்லாம் பார்ப்பார்கள்தான், ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்ப முடியாது.

சரி, வங்கி இல்லையென்றால் எங்கே போவது? பழைய கார் வாங்கி விற்கிற ஆட்டோ கன்சல்டிங்குக்குத்தான். 2018 மாடல் டிசையர் ஒன்று, 5 லட்சத்து 20 ஆயிரம் சொன்னார்கள். இனிஷியல், அதாவது முதலில் கையிலிருந்து கட்டுவது, 1 லட்சத்து 20 ஆயிரம், மீதி 4 லட்சத்துக்கு ஃபைனான்ஸ் அவர்களே பிடித்துத் தருவதாகச் சொன்னார்கள். வட்டி எவ்வளவு என்று கேட்டேன். ‘ஒரு ரூபாய் வட்டிதாண்ணே, வெளியில ரெண்டு மூணுன்னு வாங்குறான்’ என்றார் அந்தத் தம்பி. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருடத்துக்கு 12 சதவீதம், பரவாயில்லையே என்று எனக்கும் தோன்றியது. 36 டியூ, மாதம் 15,111 ரூபாய். ஆங்கிலத்தில் ஒரு கட்டுத் தாள் வந்தது, கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி. நல்ல வேளை, அன்றைக்கு ஆடிக் கடைசி, ஆவணி பிறந்து போடலாம் என்று வீட்டுக்காரம்மா சொன்னதால் தாளை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

என் மகள் பி.காம். படிக்கிறாள். போனில் தட்டிப் பார்த்துவிட்டு, ‘அப்பா, இது பிளாட் ரேட், 12 இல்ல, 21 சதவீதத்துக்கு மேல வருது’ என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் இப்படிச் சொல்லிக் கொடுத்தாள்: மாதம் கட்டுகிற 15,111-ல் அசல் 11,111, வட்டி 4,000. முதல் மாதம் 4 லட்சம் பாக்கி இருக்கும்போதும் வட்டி 4,000. கடைசி மாதம் வெறும் 11,111 ரூபாய் பாக்கி இருக்கும்போதும் வட்டி அதே 4,000. பதினோராயிரத்துக்கு ஒரு மாத வட்டி நாலாயிரம் என்றால் கந்து வட்டிக்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார். மூன்று வருடத்தில் மொத்த வட்டி 1 லட்சத்து 44 ஆயிரம். இதே 4 லட்சத்தைக் குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போடும் முறையில் 11 சதவீதத்துக்கு வாங்கினால் டியூ ஏறக்குறைய 13,100-தான், மொத்த வட்டி 71 ஆயிரத்துச் சொச்சம். பாதி. நான் கையெழுத்துப் போடவில்லை.

என் மச்சான் போட்டுவிட்டான். அவன் கதை வேறு, அவனுக்கு ஸ்கோர் இருந்தது, ஆனால் விழுந்து கிடந்தது. முன்பு 14 ஆயிரம் ரூபாய்க்குத் தவணையில் ஒரு செல்போன் வாங்கினான், வேலை போனதில் கடைசி இரண்டு தவணை நின்றுவிட்டது. வசூலுக்குப் பேசிய ஆள் ‘1,500 கட்டுங்க, இதோட முடிச்சுக்கலாம்’ என்றதும் கட்டிவிட்டு மறந்துவிட்டான். பிற்பாடு பால்பண்ணை டீக்கடையில் உட்கார்ந்து அவன் சிபில் ரிப்போர்ட்டை நானும் அவனும் போனில் திறந்து பார்த்தோம். மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டம். 000, 000, 000 என்று ஒழுங்காக வந்துகொண்டே இருக்கிறது, அப்புறம் 030, 060, 090. அத்தனை நாள் தாமதம் என்று அர்த்தம். அதன் கீழே ‘செட்டில்டு’ என்று ஒரு வார்த்தை. அவனுக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம், ‘பாத்தீங்களா மாமா, செட்டில் ஆயிடுச்சுன்னே போட்டிருக்கான்’ என்றான். முழுசாகக் கட்டி முடித்தால் ‘குளோஸ்டு’ என்று வரும். ‘செட்டில்டு’ என்றால் முழுப் பணமும் வராமல் வந்ததை வாங்கிக்கொண்டு கைகழுவினோம் என்று பொருள், அடுத்தவன் கடன் கொடுக்க யோசிப்பான். ஆயிரத்துச் சொச்சம் ரூபாயை மிச்சம் பிடித்ததற்கு இந்த விலை. மிச்சத்தையும் கட்டி, பாக்கி இல்லை என்று சான்று வாங்கி, அதைக் ‘குளோஸ்டு’ என்று மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தெரியாது.

அதே ரிப்போர்ட்டில் இன்னொரு கூத்து. வேறு மாவட்டத்தில் அவன் பெயரில் ஒரு டூவீலர் கடன், அதுவும் பாக்கியோடு. இவன் அந்தப் பக்கம் போனதே இல்லை. நம் ஊரில் இனிஷியல் படுத்துகிற பாடு தெரியுமே, ஆதாரில் இனிஷியல் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து முன்னால், அதே பெயரில் ஊருக்கு நாலு பேர். இதைச் சரி செய்ய 5 ஆயிரம் கேட்டார் ஒரு ‘சிபில் ஏஜெண்ட்’. பைசா செலவில்லாமல் நாமே சிபிலில் புகார் போடலாம். 30 நாளில் தீர்க்க வேண்டும், தாண்டினால் ஒரு நாளைக்கு 100 ரூபாய் நமக்கு நஷ்டஈடு, 2024 ஏப்ரலில் இருந்து நடைமுறை. நாங்கள் போட்டோம், நாலாவது வாரம் நீக்கிவிட்டார்கள். இன்னும் கொஞ்ச நாள் இழுத்திருந்தால் டீ செலவுக்காவது ஆகியிருக்கும் என்று மச்சானுக்கு வருத்தம்.

ஆனால் இதெல்லாம் நடந்தது அவன் கார் வாங்கிய பிறகு. அதற்கு முன்னால் கன்சல்டிங்காரர் ஒரே வாரத்தில் ஆறு கம்பெனிக்கு அவன் பெயரை அனுப்பி, ஆறு பேரும் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்ததில் இருந்த ஸ்கோரும் இன்னும் இறங்கியது. நாமே நம் ரிப்போர்ட்டைப் பார்த்தால் குறையாது, கடனுக்காகக் கம்பெனிக்காரர்கள் பார்த்தால் அது பதிவாகும். கடைசியில் ஏழாவதாக ஒரு கம்பெனி 3 லட்சம் கொடுத்தது, ஒன்றரை ரூபாய் வட்டி, அதே பிளாட் கணக்கு. மகள் போட்டுப் பார்த்ததில் உண்மை வட்டி வருடத்துக்கு 30 சதவீதம் தாண்டுகிறது. டியூ 12,833.

ஒரு வருடம் கட்டினான். டெங்குவில் படுத்ததில் இரண்டு டியூ நின்றது. மதுரைக்குக் காதுகுத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகும்போது விராலிமலையில் டீ குடிக்க நிறுத்தியிருக்கிறான், பைக்கில் நாலு பேர் வந்து சாவியைப் பிடுங்கிவிட்டார்கள். சீர்த் தட்டு, வாழைத்தார், கைக்குழந்தை, பாட்டி எல்லாவற்றையும் ரோட்டில் இறக்கி, இவனே பஸ்ஸை நிறுத்தி ஏற்றிவிட்டானாம். வாடகைப் பணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டான். வண்டி திரும்பி வர இரண்டு டியூவோடு சீசிங் சார்ஜ், பார்க்கிங் என்று இன்னொரு 9 ஆயிரம். வண்டியை எடுப்பதற்கு முன் நோட்டீஸ் காலம் எவ்வளவு, எந்த முறையில் எடுப்பார்கள் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அடியாட்களை வைத்து வண்டியைப் பிடுங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொன்னது. விராலிமலை டீக்கடையில் இதை யார் யாருக்குச் சொல்வது?

கார் லோன் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு ஆக்டிங் டிரைவராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சிபில் மட்டுமில்லை, அதையும் சேர்த்து இந்த மாதிரி நாலு நிறுவனங்கள் இருக்கின்றன, நாலும் வருடத்துக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். கன்சல்டிங் வாசலை மிதிப்பதற்கு முன்னால் அதை எடுத்துப் பாருங்கள். அடுத்து, 2024 அக்டோபரில் இருந்து கார் கடன் மாதிரி எந்தச் சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் கொடுத்தாக வேண்டும், நமக்குப் புரிகிற மொழியில். டாக்குமெண்ட் சார்ஜ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். ஒரு ரூபாய், ஒன்றரை ரூபாய் பேச்செல்லாம் அந்த ஒரு வரியில் வெளுத்துவிடும். தமிழில் கொடு என்று கேளுங்கள். இழுத்தடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். அப்புறம், ஜாமீன் கையெழுத்து. சொந்தக்காரன் கேட்டான் என்று போட்டுவிடாதீர்கள், அவன் டியூ நின்றால் உங்கள் ஸ்கோரும் சேர்ந்து இறங்கும். மச்சானுக்குப் போட்டேனா என்று கேட்காதீர்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், அதே வங்கியில் மனைவி சம்மதத்தோடு அவள் சங்கிலியை வைத்து 50 ஆயிரம் நகைக்கடன் வாங்கினேன். பணம் தேவையே இல்லை. கடனைக் கட்டுகிறவன் என்று காட்டுவதற்காக ஒரு கடன், அதற்கு வட்டி வேறு. மாதாமாதம் கட்டி, வருடத்தில் திருப்பிவிட்டேன். மைனஸ் ஒன்று போய் இப்போது 731 நிற்கிறது. கார் இன்னும் வாங்கவில்லை, இனிஷியலுக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியது. போன வாரம் உங்கள் விளம்பரத்தில் இருந்த ஐந்து நம்பருக்கும் போன் போட்டு வருட வட்டி எவ்வளவு என்று கேட்டேன். நாலு பேர் ‘ஆபீஸ் வாங்க சார், பேசிக்கலாம்’ என்றார்கள், ஒருவர் கட் பண்ணிவிட்டார். ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த கம்பெனியா என்பதை யாரும் சொல்லவில்லை. இந்த மாதிரி விளம்பரம் கொடுக்க வருகிறவரிடம் பதிவு எண்ணையும் வருட வட்டியையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறீர்கள், தெரியும். ‘ஆண்டு வட்டி 30%’ என்பது மூன்றே வார்த்தை, அதை மட்டும் இலவசமாகப் போட்டால் என்ன?

இப்படிக்கு,
ஒரு ஆக்டிங் டிரைவர்,
திருச்சி.