மதிப்பீட்டில் ஒரு வரி: உள்ளாட்சிப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்களுக்கு,

வணக்கம். அரசுக் கட்டடங்களை ஒப்பந்தத்தில் கட்டிக் கொடுப்பவன் நான். உங்களில் சிலரோடு ஒரே மேசையில் அமர்ந்து அளவுப் புத்தகத்தைப் புரட்டியவன் என்ற உரிமையில், இடிபாட்டையும் சாம்பலையும் கட்டட வேலையில் பயன்படுத்துவது பற்றி இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறுநகரத்தில் பழைய பள்ளிக் கட்டடத்தை இடித்துவிட்டு, அதே மனையில் புதிய வகுப்பறைகள் கட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. இடிபாட்டை அப்புறப்படுத்த மதிப்பீட்டில், அதாவது வேலைக்கான செலவுப் பட்டியலில், ஒரு வரி இருந்தது; அடித்தளத்துக்கு 1:4:8 கலவையில் (ஒரு பங்கு சிமென்ட், நான்கு பங்கு மணல், எட்டு பங்கு ஜல்லி) படுகை போட 40 மி.மீ. கருங்கல் ஜல்லி வாங்க இன்னொரு வரி இருந்தது. காலையில் என் லாரி உடைந்த கான்கிரீட்டை ஏற்றிக்கொண்டு ஊர் எல்லைப் பள்ளத்துக்குப் போகும். மாலையில் அதே லாரி குவாரியிலிருந்து ஜல்லியோடு திரும்பும். இரண்டு நடைக்கும் எனக்குப் பணம் வந்தது என்பதால் அன்று நான் வாய் திறக்கவில்லை. இடித்ததையே உடைத்துச் சலித்துப் படுகையில் போடலாமா என்று பிறகு ஒருநாள் கேட்டபோது, 'மதிப்பீட்டில் இல்லையே' என்ற ஒற்றைப் பதில்தான் கிடைத்தது. அந்தப் பதிலில் தவறு காண முடியாது. மதிப்பீட்டில் இல்லாததைத் தளத்தில் யாரும் செய்துவிட முடியாது. அதனால்தான் தளத்தை விட்டுவிட்டு, மதிப்பீடு எழுதும் உங்களிடம் வருகிறேன்.

நியமம் தடையாக இல்லை. ஜல்லிக்கும் மணலுக்குமான இந்தியத் தர நியமம் ஐ.எஸ். 383, 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே இதற்கு இடம் கொடுத்துவிட்டது. பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியைக் கம்பியில்லாக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையிலும், எம்-25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையிலும் சேர்க்கலாம். செங்கல்லும் பூச்சும் கலந்த இடிபாட்டு ஜல்லியைத் தூணிலோ கூரைத் தளத்திலோ சேர்க்கக் கூடாது. ஆனால் எம்-15-க்குக் கீழான கலவையில் ஜல்லி முழுவதுமே அதுவாக இருக்கலாம். நாம் அன்றாடம் போடும் 1:4:8 படுகை இந்த வகைதான். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டைப் பதப்படுத்தும் ஆலைகள் உள்ளன. சிறு ஊருக்கு ஆலை வேண்டியதில்லை. நடமாடும் கிரஷர் ஒன்றும் இரண்டு சல்லடைகளும் போதும்.

கொத்தனார்கள் இந்த ஜல்லியைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், அதற்குக் காரணமும் உண்டு. கருங்கல் ஜல்லி தன் எடையில் ஒரு விழுக்காடு அளவுக்கே தண்ணீரை உறிஞ்சும். உடைத்த கான்கிரீட்டிலோ பழைய கலவை ஒட்டிக்கொண்டிருப்பதால் அது நான்கைந்து விழுக்காடு வரை குடித்துவிடும். காய்ந்த ஜல்லியை அப்படியே மிக்சரில் கொட்டினால் பத்து நிமிடத்தில் கலவை இறுகும். ஆள் உடனே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார். வலிமை அங்கேயே போய்விடும். முந்தின நாள் மாலையே குவியலை நனைத்து, சாக்குப் போட்டு மூடி வைத்து, காலையில் மேற்பரப்பு ஈரம் வடிந்தபின் எடுத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. மதிப்பீட்டின் வரியிலேயே இந்த ஒரு வாக்கியத்தையும் எழுதிவிட்டால், பழி ஜல்லியின் மேல் விழாது.

அடுத்து சிமென்ட். கலப்பில்லாத '53 கிரேடு' சிமென்டையே கேட்டு வாங்குவது நம் ஊரில் ஒரு கௌரவமாகவே ஆகிவிட்டது. சாம்பல் கலந்த பி.பி.சி. மூட்டையைக் கலப்படம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வடசென்னை, மேட்டூர், தூத்துக்குடி அனல் மின் நிலையங்களில் மலைபோல் சேரும் அந்தச் சாம்பல், சிமென்ட் நீரோடு சேரும்போது வெளிவரும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, கான்கிரீட்டின் நுண்துளைகளை மெல்ல அடைக்கிறது. இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமென்டும் இதையே செய்கிறது. உப்புக் காற்று வீசும் நாகப்பட்டினத்திலும் இராமநாதபுரத்திலும் கம்பி துருப்பிடித்துக் கூரை உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு, துளை அடைபடுவதன் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. இந்த உத்தி புதிதும் அல்ல; முல்லைப் பெரியாறு அணையைக் கட்டியதும் சுண்ணாம்போடு செங்கல் பொடியான சுர்க்கியைச் சேர்த்த கலவையில்தான். 1895-இல் முடிந்த வேலை அது.

ஆனால் இந்த வினை நிதானமானது. ஏழாம் நாளில் பி.பி.சி. கான்கிரீட் வலிமையில் சற்றுப் பின்தங்கியே நிற்கும். கலப்புச் சிமென்டுக்குக் குறைந்தது 10 நாள், முடிந்தால் 14 நாள் தண்ணீர் விட வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான நியமம் ஐ.எஸ். 456. அவசரப்பட்டுச் சென்ட்ரிங்கைப் பிரித்து, நான்காம் நாளே தண்ணீரை நிறுத்தும் இடத்தில் சாம்பல் சிமென்ட் நன்மை செய்யாது, கெடுதலே செய்யும். ஆகவே வேலை முடிக்கும் கெடுவிலும் அந்த நாட்களைச் சேர்த்துக் கொடுங்கள். எங்களை விரட்டிவிட்டு, பிறகு கட்டடம் உழைக்கவில்லை என்றால் நியாயமாகாது.

எல்லாக் கழிவையும் கலவையில் கொட்டலாம் என்று நான் வாதாடவில்லை. அனல் மின் நிலையத்தின் ஈரச் சாம்பல் குட்டையிலிருந்து அள்ளியது, தூசுப்பிடிப்பானில் சேரும் உலர் சாம்பலுக்கு ஈடாகாது. நெல் ஆலை உமிச்சாம்பல் கட்டுப்பாடான வெப்பத்தில் எரிந்தால்தான் பயன்படும். கரியாய்க் கறுத்தது வீண். ஃபால்ஸ் சீலிங் ஜிப்சம் கலந்த இடிபாடு, பின்னாளில் கான்கிரீட்டை உப்பவைத்து வெடிக்கச் செய்யும். பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்டை ஆற்று மணலுக்கு மாற்றுப் பொருள் என்பதும் பாதி உண்மைதான்; ஆற்றை விட்டுவிட்டு மலையைக் கேட்கிறது அது.

என் வேண்டுகோள் சிறியது. இடிப்பு வேலை சேர்ந்த அடுத்த மதிப்பீட்டில், 'தளத்தில் கிடைக்கும் இடிபாட்டைத் தரம் பிரித்து, உடைத்து, சலித்து, நனைத்து 1:4:8 படுகைக்குப் பயன்படுத்துதல்' என்று ஒரு வரி சேருங்கள். அதற்குத் தனி விலை வையுங்கள். உடைகூலியும் சலிப்புக்கூலியும் அதில் அடங்கட்டும். வலிமை பார்க்கும் கியூப் சோதனைக்கு எத்தனை கட்டி வேண்டுமானாலும் கேளுங்கள், வார்த்துத் தருகிறோம். படுகையில் தேறிய பிறகு நடைபாதை, வடிகால் ஓரம் என்று மற்றதைப் பேசலாம்.

இப்படிக்கு,
ஒரு கட்டட ஒப்பந்ததாரர்