ஆயாம்மாவின் நோட்டுக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஆஸ்பத்திரியில் கூரை ஒழுகிக்கொண்டிருந்த பிரசவ அறையைப் பழுதுபார்த்து நேற்று திறந்துவிட்டோம். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. இதற்காக உங்களிடம் பணம் திரட்ட வைத்த அந்த இரவு உங்களுக்கே தெரியும், அதை மறுபடி எழுத எனக்கு மனசு வரவில்லை.

பணம் அனுப்பியவர்கள், வண்டி போகாத கடைசித் தூரத்துக்கு சிமென்ட் மூட்டையைத் தலையில் சுமந்தவர்கள், பாதிக் கூலி போதும் என்ற கொத்தனார்கள், வாராவாரம் கணக்கைச் சரிபார்த்தவர்கள், பெயரே வேண்டாம் என்று சொன்னவர்கள், அத்தனை பேருக்கும் நன்றி. உங்களை ஒரே வரியில் சொல்லி முடிப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள், ஒருவரைப் பற்றி மட்டும் நான் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும்.

கூரை முழுவதையும் இடித்துப் போட வேண்டும் என்று என்ஜினியர் சொன்ன அன்று நம் கையில் அதற்குப் பாதிப் பணம்கூட இல்லை. நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வார்டைத் துடைக்கிற ஆயாம்மா வந்து ஒரு பழைய நோட்டை நீட்டினார். "எந்த மழைக்கு எங்க வாளி வைக்கணும்னு எழுதி வச்சிருக்கேன் தம்பி, உதவுமான்னு பாருங்க."

9 வருடக் குறிப்புகள். எந்த மூலை, எவ்வளவு நேரம், எத்தனை வாளி. பல பக்கங்களில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப இருந்தது: மழை பெய்யும்போது ஒழுகவில்லை, விட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் சொட்டுகிறது. அதைப் படித்ததும் என்ஜினியர் நேராக மாடிக்கு ஏறினார். வடிகுழாய் வாயில் பழைய கலவையும் இலைக்குப்பையும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் போக வழியில்லாமல் நாள்கணக்கில் தேங்கி, மெல்ல உள்ளே இறங்கியிருக்கிறது. பிரசவ அறைக்கு மேலே மட்டும்தான் கம்பி துருப்பிடித்திருந்தது. அந்தப் பகுதியை மாற்றி, மற்ற இடத்தில் சரிவைச் சரிசெய்து, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசியதோடு கூரை வேலை முடிந்தது.

மிஞ்சிய பணத்தில் வயரிங் முழுக்கப் புதிது. தடுப்பூசி ஃபிரிட்ஜ் 2 முதல் 8 டிகிரிக்குள்ளேயே நிற்க வேண்டுமே, அதற்கு சோலார் பேனலும் பேட்டரியும் போட்டோம். பிறந்த குழந்தைக்குக் குளிர் ஆகாது, அறை 25 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. ஈரச்சுவரும் உடைந்த ஜன்னலுமாக இத்தனை நாள் அது எப்படி முடிந்திருக்கும்? இப்போது முடிகிறது.

இத்தனை வருடமும் ஆயாம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும்தான். அது இன்னும் உறுத்துகிறது. இனி எந்த வேலைக்குப் பணம் திரட்டினாலும் முதலில் அங்கே தரை துடைப்பவரிடம் போய் உட்காருவேன்.

அப்புறம், ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் அந்தக் குழாய் வாயைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், முடிந்தவர்கள் வாருங்கள்.