தீவுக்குக் கூட்டிப் போவதாகப் பணம் வாங்கியது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா, வணக்கம்.

உங்கள் சேவை எண்ணுக்கு நான் எத்தனை தடவை அழைத்தேன் என்பது உங்கள் கணினியிலேயே இருக்கும். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்து முதலிலிருந்து கதை கேட்கிறார். சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

நான் எடுத்தது உங்களுடைய அந்தக் கீழக்கரை, தீவுப் பயணம். கீழக்கரைப் பக்கம் பனையோலை முடைகிறவர்களைப் பார்ப்பது, அப்பா தீவு, குருசடைத் தீவு என்று அதில் போட்டிருந்தீர்கள். 'அப்பா தீவு' என்கிற அந்தத் தீவில் இறங்கி மதியச் சாப்பாடு என்று போட்டிருக்கிறீர்களே, யார் இறங்க விடுவார்கள்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர்தான் இதைச் சொன்னார். சுற்றுலா நடத்தும் உங்களுக்குத் தெரியாதா?

சரி, குருசடைத் தீவையாவது பார்க்கலாம் என்று, படகு ஏறும் இடமான பாம்பன் பக்கத்துக் குந்துகாலுக்குப் போனால், கச்சான் காற்று பலமாக அடிப்பதால் வனத்துறைப் படகு இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். முன்கூட்டியே கேட்டுச் சொல்லியிருக்க வேண்டியது நீங்கள். வெயிலில் விவேகானந்தர் நினைவு மண்டபத்தையே சுற்றிச் சுற்றி வந்தோம். 1897இல் அவர் வந்து இறங்கிய இடம். அவருக்காவது படகு கிடைத்திருக்கிறது!

அங்கிருந்து போன் செய்தபோது உங்கள் ஊழியர் சொன்னது இது: "காத்தடிச்சா நான் என்ன சார் பண்றது? வாயால ஊதியா நிறுத்த முடியும்? அம்மாவுக்குக் கால் வலின்னா வீட்ல இருக்க வேண்டியதுதானே." அம்மா பக்கத்திலேயே இருந்தார், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. எழுபது வயதுக்காரரிடம் பேசுகிற பேச்சா இது? அழைப்புகளைப் பதிவு செய்வதாகச் சொல்கிறீர்களே, போட்டுக் கேளுங்கள்.

ஓலைக் கதை இன்னும் பாக்கி இருக்கிறது. அம்மா சின்ன வயதில் கொட்டான், அதாவது ஓலைக் கூடை, முடைந்தவர். கீழக்கரைப் பக்கம் பனையோலை முடைகிறவர்களைப் பார்க்கத்தான் வந்தார். முதல் நாளே உங்கள் டிரைவர் அந்தப் பக்கம் திரும்பாமல் நேராக ராமேஸ்வரம் போய், சங்கில் பெயர் எழுதித் தரும் கடையில் நிறுத்தி, "இதுவும் கைவேலைதானே" என்றார். கமிஷன் எவ்வளவோ!

எங்கள் குடும்பத்தின் நிம்மதியே போய்விட்டது. அம்மா இனி வாசல் தாண்டமாட்டேன் என்கிறார். இதற்கெல்லாம் எந்தப் பணமும் ஈடாகாது. ஆனாலும் கட்டிய முழுத் தொகையும் வேண்டும். அடுத்த பயணத்துக்குக் கூப்பன் தருகிறோம் என்று தயவுசெய்து இன்னொரு முறை சொல்லாதீர்கள்.

உங்களோடு சண்டை போட எனக்கு விருப்பமில்லை. பதினைந்து நாளில் பணம் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைப்பேன், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணமும் இல்லை. அந்த ஊழியர் அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(ரசீது நகல் இணைத்துள்ளேன்)